நாற்பத்தைந்து கிலோ மூட்டையும் நாற்பது மணி நேரப் பாடமும்

மொராக்கோவில் மஞ்சள்தூள் கிடைக்கிறது. சீரகம், மிளகு, சுக்குப்பொடி, பட்டை, கொத்தமல்லி எல்லாமே கிடைக்கின்றன. சந்தையில் கூம்பு கூம்பாகக் குவித்துவைத்து விற்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு கிலோ மஞ்சள்தூளை மூன்று உறை போட்டுக் கட்டி, விமானத்தில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து இறக்கியவள் நான். கிடைக்காதது பெருங்காயம். அதை நான் கொண்டுவரவில்லை.

கடந்த செப்டம்பரில், பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தன்னார்வத் திட்டத்தில் தன்னார்வலராக இந்த நாட்டுக்கு வந்தேன். வயது 58. நடுநிலைப் பள்ளியில் 23 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். புறப்படுவதற்கு முந்தைய ஏழு மாதங்களில் "தயாராக வேண்டும்" என்ற பெயரில் எங்கெங்கே எவ்வளவு செலவழித்தேன் என்பதை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று அந்தக் கணக்கைத் திறந்து மதிப்பெண் போடுகிறேன். கடை, ஆள் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. திட்டுகிறவர்களின் பெயரைச் சொன்னால் வம்பு வரும். நான் புகழப்போகிறவளிடமோ ஏற்கெனவே மாணவர்கள் அதிகம்.

பீஸ் கோர் என்பதை "அமைதிப் படை" என்று தமிழாக்கி உடுமலைப்பேட்டையில் இருக்கும் பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னது என் முதல் தவறு. அவருக்கு அந்தச் சொல் 1987க்கும் இலங்கைக்கும் உரியது. "இந்த வயதில் துப்பாக்கி தூக்கப் போகிறாயா?" என்று கேட்டுவிட்டு அழவே தொடங்கிவிட்டார். துப்பாக்கி இல்லை பெரியம்மா, பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் வேலை என்றேன். "அதற்கு எதற்கு மொராக்கோ? இங்கே பிள்ளைகள் இல்லையா?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

விவரம் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961இல் கென்னடி தொடங்கியது. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல்வரம்பு கிடையாது. மொத்தம் 27 மாதங்கள், அதில் முதல் மூன்று மாதங்கள் அளவில் பயிற்சி. மொராக்கோவில் இவர்கள் செய்வது இளைஞர் மேம்பாட்டுப் பணி. ஊருக்கு ஊர் "தார் ஷபாப்" என்று ஒரு கட்டடம் உண்டு. இளைஞர் இல்லம் என்று பொருள். பெரும்பாலும் அதுதான் நம் பணியிடம். இரண்டு பெட்டிகள் கொண்டுவரலாம், ஒவ்வொன்றும் 50 பவுண்டுக்குள். ஆக 100 பவுண்டு, ஏறக்குறைய 45 கிலோ. எந்த ஊரில் இருக்கிறேன் என்று எழுதக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஆகவே மத்திய அட்லஸ் மலைப்பக்கம் ஒரு சிற்றூர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருகிறேன்.

முதல் செலவு, வார இறுதிப் பயிற்சி வகுப்பு. இது பீஸ் கோர் நடத்துவதன்று. வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்குப் போகிறவர்களைத் தயார்படுத்துவதாகச் சொல்லும் தனியார் ஏற்பாடு. நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு நாள், 340 டாலர், மதிய உணவு உட்பட. மதிய உணவு என்றால் குளிர்ந்த ரொட்டிக்கு நடுவே குளிர்ந்த கோழி. நான் சைவம் என்றதும் கோழியை எடுத்துவிட்டு ரொட்டியை மட்டும் தந்தார்கள்.

நடத்தியவர் 14 நாடுகள் பார்த்தவராம். முதல் நாள் காலையிலேயே பத்து முறையாவது சொல்லிவிட்டார். திரையில் ஒரு கோடு போட்டார்: முதலில் மேலே போகிறது, பிறகு பள்ளத்தில் விழுகிறது, பிறகு மெல்ல ஏறுகிறது. புது நாட்டில் நம் மனநிலை இப்படித்தான் இருக்கும் என்றார். கிடையச்சில் என்ன அளவு, வாரமா மாதமா என்று கேட்டேன். அது ஒரு தோராயம் என்றார். அளவு இல்லாத அச்சை என் ஏழாம் வகுப்பு மாணவன் வரைந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

மறுநாள் நடிப்புப் பயிற்சி. "நீங்கள் ஒரு கிராமத்துக்குப் போகிறீர்கள். அங்கே ஒரு தாயைச் சந்தித்து, அவருடைய மகளை உங்கள் இளைஞர் மன்றத்துக்கு அனுப்பச் சம்மதிக்க வைக்க வேண்டும்." 12 பேர் இருந்தோம். தாயாக யார் நடிப்பது? நடத்தியவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கண் என்மேல் வந்து நின்றது. "நீங்கள் உள்ளூர்ப் பெண்ணாக இருங்களேன், பொருத்தமாக இருக்கும்." ஒரு சால்வையைத் தலையில் போட்டுக்கொள்ளக் கொடுத்தார். ஆங்கிலம் தெரியாதது போல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அடுத்த ஒரு மணி நேரம் 11 பேரும் வரிசையாக வந்து என் எதிரே குந்தி, உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, என் மகளின் எதிர்காலத்தைப் பற்றி எனக்கு எடுத்துச் சொன்னார்கள். நான் தமிழில் பதில் சொன்னேன். "தம்பி, நீ யார்? உன் வீடு எங்கே? உன் அம்மாவுக்கு நீ இங்கே வந்திருப்பது தெரியுமா?" என்று கேட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. ஒருவரும் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, எல்லோரும் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். நானும் அவர்களில் ஒருத்தியாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக 35 மதிப்பெண். வகுப்பு சொல்லிக்கொடுத்ததற்காக இல்லை. அவர்கள் அறியாமல் என்னை எதிர்ப்பக்கம் உட்காரவைத்ததற்காக. காசைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

இரண்டாவது, பயணப் பொருள் கடை. மலை ஏறுகிறவர்களுக்கும் கூடாரம் போடுகிறவர்களுக்கும் விற்கும் பெரிய கடை. விற்பனைப் பையன் நல்ல பிள்ளைதான், ஆனால் ஆப்பிரிக்கா என்று நான் சொன்ன கணத்திலேயே அவன் மனத்தில் சிங்கம் நுழைந்துவிட்டது. வெயில் உட்புகாத சட்டை நான்கு, கழுத்தை மறைக்கும் தொப்பி, கொசு அண்டாத காற்சட்டை, 65 லிட்டர் முதுகுப்பை என்று 410 டாலருக்குக் கட்டிக்கொடுத்தான். நானும் வாங்கினேன். படித்தவள், கணக்கு வாத்தியார், வரைபடம் பார்க்கத் தெரிந்தவள். வாங்கினேன்.

நான் இருக்கும் மலைப்பகுதியில்தான் இஃப்ரான் என்ற ஊர் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அங்கே 1935 பிப்ரவரியில் பதிவானது: பூச்சியத்துக்குக் கீழே 23.9 டிகிரி செல்சியஸ். அவ்வளவு இப்போது இறங்குவதில்லை என்றாலும் பனி விழுகிறது. இங்கே வீடுகள் கான்கிரீட் பெட்டிகள், தரை ஓடு பதித்தது, மைய வெப்பமூட்டி கிடையாது. ஜனவரியில் வீட்டுக்குள் இருப்பதைவிட வாசலில் வெயிலில் நிற்பது கதகதப்பு. அந்த நான்கு சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன், குளிர் அசையவில்லை. கடைசியில் வாரச்சந்தையில் கரடித்தோல் போலப் புசுபுசுவென்று இருக்கும் நீள அங்கி ஒன்றை வாங்கினேன். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அதைத்தான் உடுத்துகிறார்கள். இப்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போகிற இடத்துக்கான துணியைப் போகிற இடத்தில் வாங்குங்கள். கம்பளி உள்ளாடை மட்டும் இரண்டு செட் கொண்டுவாருங்கள்.

முதுகுப்பையை ஒரே ஒருமுறை நிரப்பி முதுகில் ஏற்றினேன். சோபாவில் மல்லாந்து விழுந்தேன். மகள் வந்து தூக்கிவிட்டாள். பிறகு அவருடைய பழைய சக்கர சூட்கேஸ்கள் இரண்டைப் பரணிலிருந்து இறக்கினோம். பூட்டு எண் இன்னும் அவர் வைத்ததுதான், எங்கள் திருமண நாள். கடைக்கு 20. அதுவும் அந்தப் பையன் பையைக் காரில் ஏற்றிக் கொடுத்ததற்கு.

மூன்றாவதற்கு நேரம் வீணாக்க வேண்டாம்: பயணத் தடுப்பூசி மருத்துவமனை ஒன்றில் ஆலோசனைக் கட்டணம் 190 டாலர். பீஸ் கோர் மருத்துவ அனுமதிக்கு நீண்ட பட்டியல் அனுப்பும்: ரத்தம், பல், கண், 50ஐத் தாண்டியவர்களுக்கு இன்னும் சில. அதில் இருப்பதைச் செய்தால் போதும். தடுப்பூசிகள் பெரும்பாலானவற்றைப் பயிற்சிக் காலத்தில் அவர்களே போட்டுவிடுகிறார்கள். நான் அவசரக்குடுக்கை.

இனி நாற்பது மணி நேரம்.

மொராக்கோவில் பேசும் அரபிக்கு தாரிஜா என்று பெயர். பள்ளியில் படிக்கும் அரபியிலிருந்து அது வெகுதூரம் விலகியது. நம் எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை இரண்டாகப் பெருக்கிக்கொள்ளுங்கள். நடுவே இந்நாட்டுப் பூர்வகுடிகளின் அமாசிக் மொழிச் சொற்களும் பிரெஞ்சும் ஸ்பானியமும் கலந்திருக்கும். பயிற்சிக் காலத்தில் பீஸ் கோரே நான்கைந்து பேருக்கு ஒரு மொழி ஆசிரியர் என்று வைத்துச் சொல்லிக்கொடுக்கும், அதுவும் ஓர் உள்ளூர்க் குடும்பத்தோடு நம்மைத் தங்கவைத்து. ஆனால் 58 வயதில் என் ஞாபகத்தின் நிலை எனக்குத் தெரியும். 24 வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரப் போகிறவளுக்கு முன்னோட்டம் வேண்டும் என்று இணையத்தில் தேடி ஒரு பெண்ணைப் பிடித்தேன். ஃபெஸ் நகரத்தில் முதுகலை படிக்கிறாள், என் மகளைவிடச் சிறியவள். மணிக்கு 11 டாலர். வாரத்துக்கு இரண்டு வகுப்பு.

குறைகளை முதலில் சொல்கிறேன். பாடப்புத்தகம் கிடையாது. இன்று என்ன பாடம் என்று அவளுக்கே பத்து நிமிடம் போனபிறகுதான் தெரியும். தன் தேர்வு வந்தால் இரண்டு வாரம் ஆளைக் காணாது. நேரக்கணக்கு என் உயிரை வாங்கியது. அது அவள் குற்றமில்லை. மொராக்கோவில் ரமலான் மாதத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுகிறார்கள், முடிந்ததும் முன்னே கொண்டுவருகிறார்கள். நடுவே அமெரிக்காவில் மார்ச் மாதம் கடிகாரம் மாறுகிறது. பிப்ரவரியில் எங்களுக்கு இடையே ஆறு மணி நேரம், பிறகு ஐந்து, பிறகு நான்கு, மறுபடியும் ஐந்து. மூன்று வகுப்புகளை நான் தவறவிட்டேன். மூன்றுக்கும் காசு வாங்கிக்கொண்டாள். வாங்க வேண்டியதுதான்.

பெரிய குறை என்று நான் அப்போது நினைத்தது வேறு. முதல் மூன்று வாரம் நலம் விசாரிப்பதைத் தவிர வேறொன்றும் சொல்லித்தரவில்லை. "லாபாஸ்?" என்றால் நலமா. "பிகேர்?" என்றாலும் நலமா. எல்லாம் நலமா, குடும்பம் நலமா, பிள்ளைகள் நலமா, உடம்பு எப்படி, இறைவனுக்கு நன்றி. நான் கேட்டால் அவள் பதில் சொல்லாமல் அதையே என்னைக் கேட்பாள். நானும் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும், அதுதான் முறை. ஆறு வகுப்பு, 66 டாலர். "வினைச்சொல் எப்போது வரும்?" என்று கேட்டேன். "ஆசிரியையே, நீங்கள் கதவையே இன்னும் திறக்கவில்லை, அடுப்படியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள்" என்றாள். ஆசிரியையே என்று மரியாதையாகத்தான் அழைப்பாள். திட்டுவதும் அதே வாயால்.

எழுத்து இன்னொரு வேடிக்கை. இந்த நாட்டு இளைஞர்கள் கைபேசியில் தாரிஜாவை ரோமன் எழுத்தில் தட்டும்போது, அந்த எழுத்தில் இல்லாத ஒலிகளுக்கு எண்களைப் போடுகிறார்கள். தொண்டையை இறுக்கிச் சொல்லும் ஓர் ஒலிக்கு 3. கண்ணாடியைத் துடைக்க வாயால் ஊதுவோமே, அந்த ஹகரத்துக்கு 7. அண்ணத்துக்கும் பின்னால், உள்நாக்கருகே பிறக்கும் ககரத்துக்கு 9. சந்தை என்றால் சூ9. காப்பி 9ஹ்வா. வாழ்நாள் முழுதும் எண்களைத் திருத்தியவளுக்கு இப்படி ஒரு தண்டனை. அவள் அனுப்பிய முதல் குறுஞ்செய்தியைப் பார்த்து ஏதோ கடவுச்சொல் என்று நினைத்துப் பத்திரப்படுத்திவைத்தேன்.

தமிழ் எனக்குக் கைகொடுத்த இடங்களும் உண்டு. இங்கே பொதுக் குளியலறைக்கு ஹம்மாம் என்று பெயர். வாரம் ஒருமுறை போய் உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார்கள். மகரத்தை இரட்டிக்காமல், முதல் உயிரையும் விழுங்கிச் சொன்னால் ஹ்மாம். புறாக்கள் என்று பொருள். என்னோடு பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் இரண்டு வாரம் புறாக்களுக்குள் போய்க் குளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சிக்கல் வரவேயில்லை. பலியும் பல்லியும் வேறு என்று தெரிந்து வளர்ந்த நாக்கு இது. ஆனால் நம் ஊர் ஹமாம் சோப்பைப் பற்றி அவளிடம் சொன்னபோது, "நீங்கள் புறா சோப்புப் போட்டா குளித்தீர்கள்?" என்று கேட்டுச் சிரித்ததில் அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

உறவுப்பெயர்ப் பாடத்தில்தான் அவள் என்னைப் பார்த்து அசந்துபோனாள். அம்மாவின் சகோதரி "காலா", அப்பாவின் சகோதரி "அம்மா" போல ஒலிக்கும் வேறொரு சொல், தொண்டையிலிருந்து வர வேண்டியது. அம்மாவின் சகோதரன் "கால்", அப்பாவின் சகோதரன் வேறு. அமெரிக்கர்களுக்கு இதை விளக்க அவளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்குமாம், படம் வேறு வரைய வேண்டுமாம். எனக்கு நான்கு நிமிடம். "எங்களிடம் சித்தி, பெரியம்மா என்று வயதுவாரியாகவும் உண்டு" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு நான் ஆசிரியை.

30ஆவது வகுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாள் என்னை ஒரே ஒரு சொல்லை ஒரு மணி நேரம் சொல்லவைத்தாள். "தபாரகல்லா." ஒரு குழந்தையையோ, வீட்டையோ, யாருடைய கைவேலையையோ மெச்சினால் கூடவே இதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மெச்சினால் கண் பட்டுவிடும். எனக்கு இதில் புரியாதது என்ன? "என் கண்ணே பட்டுவிடும்போல் இருக்கிறது" என்று சொல்லி நெட்டி முறிக்கிற ஊர்க்காரி. ஆனாலும் பழக்கமாக வாயில் வரவேண்டும், யோசித்து வரக் கூடாது என்று அறுபது முறை சொல்லவைத்தாள்.

நான் தங்கிய பயிற்சி வீட்டின் அம்மாவுக்கு 44 வயது, என்னைவிட 14 வயது இளையவர். ஆனால் வீட்டு முறைப்படி அவர்தான் எனக்குத் தாய். லல்லா என்று மரியாதை சேர்த்துத்தான் அழைப்பேன். இரண்டாம் வாரம் அவருடைய அக்கா மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். என்னோடு பயிற்சி பெற்ற ஒருவன், தங்கமான பையன், குழந்தையைப் பார்த்ததும் எவ்வளவு அழகு, எவ்வளவு கொழுகொழு, என்ன கண்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான். வார இறுதி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: மனம் திறந்து பாராட்டுங்கள், இன்னது என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். அந்தப் பெண் புன்னகைத்தாள், ஆனால் அவள் கை மெல்லக் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடியது. லல்லாவின் தேநீர்க் குவளை பாதி வழியில் நின்றது. "தபாரகல்லா, தபாரகல்லா" என்று என் வாய் தானாகச் சொன்னது. குவளை கீழே இறங்கியது. துணி விலகியது. லல்லா என் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டை வைத்தார். 11 டாலருக்கு நான் வாங்கியவற்றிலேயே மலிவானது அந்த ஒரு மணி நேரம்தான்.

நலம் விசாரிப்புக்குக் கொடுத்த 66 டாலர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பயிற்சி முடிந்து என் ஊருக்கு வந்து, தார் ஷபாபைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. மறுநாளும் பூட்டு. முதீர், அதாவது பொறுப்பாளர், வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். எதிரே ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போட்டார். லாபாஸ், பிகேர், குடும்பம் எப்படி, பிள்ளைகள் எப்படி, குளிர் எப்படி. போகிறவர் வருகிறவர் எல்லோரோடும் அதுவே. மூன்றாம் நாள் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது பள்ளி விட்டு வந்த பையன்கள் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"இந்தியாவா? ஷாருக் கான்!"

அமெரிக்கா என்றேன். சிரித்தார்கள். அமெரிக்கர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சாயலில் இருக்க மாட்டார்கள். இது வரும் என்று ஃபெஸ் பெண் முன்பே சொல்லியிருந்தாள். கோபம் வந்தாலும் வராவிட்டாலும் சொல்ல ஒரு வாக்கியம் கையில் இருக்க வேண்டும் என்று 22ஆம் வகுப்பில் தயார் செய்தோம். இந்தியாவில் பிறந்தேன், அமெரிக்காவில் வாழ்கிறேன், வீட்டில் தமிழ் பேசுகிறேன், உங்களிடம் தாரிஜா கற்க வந்திருக்கிறேன். மூச்சு விடாமல் சொன்னேன். ஒரு பையன் கடைசித் துண்டில் ஒரு விகுதியைத் திருத்தினான். இன்னொருவன் அவனுடைய திருத்தத்தைத் திருத்தினான். கடைக்காரர் இருவரையும் திருத்தினார். அரை மணி நேரம் இலக்கணச் சண்டை நடந்தது. யார் வீட்டுக்கோ ஓடிப்போய்ச் சாவி கொண்டுவந்தது அந்த முதல் பையன்தான். சாவி அவன் மாமாவிடம் இருந்திருக்கிறது. அம்மாவின் சகோதரன்.

கட்டடத்துக்குள் கால் உடைந்த மேசைப்பந்து மேசை ஒன்று, ஒரு சிறிய மேடை, சுவரெங்கும் பழைய ஓவியங்கள். மாலையில் பையன்கள் ஆக்கிரமித்துக்கொள்கிறார்கள், பெண்பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காலை வேளையில் வகுப்பு இல்லாத பெண்கள் வருவதுண்டு என்பதை அறியவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர்களுக்காக நான் 45 கிலோவில் சுமந்துவந்த சீட்டுக்கட்டு, ஒட்டும் காகிதங்கள், வண்ணப் பேனாக்கள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. விளையாடுவது ஐந்தாங்கல். வாசலில் கிடக்கும் கூழாங்கல்லில் ஐந்து பொறுக்கி, ஒரு நாள் சும்மா தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆட்டத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். இப்போது அவர்களுடைய புறங்கை என்னுடையதைவிட வேகம். பேச்சு அந்தக் கல் தரையில் விழும் இடைவெளியில் நடக்கிறது: பாக்கலோரியா என்னும் பள்ளி இறுதித் தேர்வு, அண்ணனின் கல்யாணம், ஆங்கிலத்தில் ஒரு சந்தேகம்.

அப்படிச் சும்மா உட்கார எனக்கு இயல்பாக வராது. அதைக் கற்றது இலவசமாக, நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில். விண்ணப்பித்த பிறகு ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தேன். முதல் நாளே பலகையில் பின்னக் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். பொறுப்பிலிருந்த பெண் என்னைத் தனியே கூப்பிட்டார். "அக்கா, அவர்கள் இப்போதுதான் பள்ளியிலிருந்து தப்பி வந்திருக்கிறார்கள்" என்றார். மராத்திக்காரர், எங்களூர்க் கடைகளில் பழகித் தமிழில் தெரிந்து வைத்திருக்கும் பத்துச் சொற்களில் அக்காவும் ஒன்று. பலகையை அழித்தேன். ஐந்து வாரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆறாவது வாரம் ஒருத்தி, தலையைத் தூக்காமலே, "உங்களுக்கு இங்கே போரடிக்கவில்லையா?" என்று கேட்டாள். இளைஞர் மேம்பாடு என்று பணம் கட்டிப் படிக்க நினைப்பவர்கள் முதலில் உங்கள் ஊர் நூலகத்தைப் பாருங்கள்.

சில்லறை விஷயங்கள். மின்சாரம் இங்கே 220 வோல்ட். மகள் வாங்கித் தந்த 38 டாலர் சர்வதேச இணைப்பான் சுவரில் நிற்காமல் தொங்குகிறது. உடுமலைப்பேட்டையில் எப்போதோ வாங்கிய இரண்டு முனைச் சார்ஜர் கச்சிதமாகப் பொருந்துகிறது. பிரஷர் குக்கரைச் சுமக்க வேண்டாம், இங்கே எல்லா வீட்டிலும் விசில் சத்தம் கேட்கிறது. பருப்பு வகையில் மைசூர்ப் பருப்பின் தோலோடு கூடிய தம்பி ஒருவர் கிடைக்கிறார், சாம்பாருக்கு ஒப்பேற்றலாம். புளி, உளுந்து, கறிவேப்பிலை, பெருங்காயம் நான்கையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். எனக்கு ஒரு டப்பா கூடுதலாகக் கொண்டுவந்தால் ஒரு கிலோ மஞ்சள்தூள் தருகிறேன்.

ஃபெஸ் பெண் இப்போது மணிக்கு 14 டாலர் வாங்குகிறாள். ஜூனில் தேர்வு, பிடிக்க முடியாது. ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அருகே வகுப்புக் கேட்காதீர்கள், பசியில் திருத்தம் கடுமையாக இருக்கும். அவளுக்கு 91 போட்டிருக்கிறேன் என்று போன வாரம் செய்தி அனுப்பினேன். மீதி 9 எங்கே போயிற்று என்று உடனே கேட்டாள். அந்த 9தான், உள்நாக்கருகே பிறக்கிற ககரம், நாற்பது மணி நேரத்துக்குப் பிறகும் என் வாய்க்கு வராதது. குரல் பதிவு ஒன்று அனுப்பினேன்: 9ஹ்வா, 9ஹ்வா, 9ஹ்வா. கேட்டுவிட்டு ஒரே ஒரு சொல் பதில் போட்டாள். "மறுபடியும்."